உடைந்த வீல் ஸ்டட்டை வீட்டிலேயே மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சக்கரத்தின் நட்டை இறுக்கிக்கொண்டிருக்கிறோம். அதுவரை எதிர்த்து நின்ற ஸ்பேனர் ஒரு கட்டத்தில் இளகுகிறது. இன்னும் கால் சுற்று திருப்பினாலும் இறுக்கம் கூடவில்லை. அடுத்த கணம் ‘டக்’கென்ற சத்தத்தோடு நட் கையோடு வந்துவிடுகிறது. அதற்குள் ஸ்டட்டின் முறிந்த துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பலர் அப்போது மீதமுள்ள நட்டுகளை இன்னும் கொஞ்சம் பலமாக இறுக்கிவிட்டு வண்டியை எடுத்துவிடுகிறார்கள். அது தவறு. டிஸ்க் பிரேக்கைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர் அரை நாளில் ஸ்டட்டை மாற்றிவிடலாம். இந்த வேலையில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவசரம் கூடாது. புதிய ஸ்டட்டின் தலை ஹப்பின் (சக்கரம் மாட்டப்படும் சுழலும் பாகம்) பின்புறத்தில் இடைவெளியின்றி உட்கார்ந்துவிட்டதா என்று பார்க்கும் இடம் அது. மற்ற எல்லாப் படிகளும் அந்த ஒன்றுக்காகத்தான்.

ஸ்டட் எப்படி வேலை செய்கிறது

ஹப்பின் முகத்திலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையுள்ள தண்டுதான் வீல் ஸ்டட். அதன் பின்முனையில் தட்டையான தலையும், தலையை ஒட்டிய கழுத்தில் நீளவாக்கில் அமைந்த நுண்ணிய பற்களும் இருக்கும். பற்களின் குறுக்களவு ஹப்பின் துளையைவிடச் சற்றே கூடுதலாக இருப்பதால், பின்புறமிருந்து அழுத்தி ஏற்றும்போது அவை துளையின் சுவரைக் கடித்துக்கொள்கின்றன. ஸ்டட் சுழலாமல் தடுப்பது பற்கள். நட்டை இறுக்கும்போது வரும் இழுப்பைத் தாங்குவது தலை. சில கார்களில் ஸ்டட்டே கிடையாது, போல்ட்டுகள் நேரடியாக ஹப்பின் மரைக்குள் ஏறும். அத்தகைய வண்டியில் போல்ட் முறிந்தால் வேலை முற்றிலும் வேறு. இங்கே சொல்லும் முறை அதற்குப் பொருந்தாது.

ஸ்டட்டுகள் வண்டியின் எடையை ஆணியைப் போலத் தாங்குகின்றன என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் நட்டை இறுக்கும்போது ஸ்டட் கெட்டியான ஸ்பிரிங் போல மிக நுண்ணிய அளவில் நீள்கிறது. மீண்டும் சுருங்கப் பார்க்கும் அந்த விசைதான் சக்கரத்தை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. எடையும், பிரேக் போடும்போதும் வளைவில் திரும்பும்போதும் வரும் விசைகளும், அந்த அழுத்தம் தரும் உராய்வின் வழியாகவே கடத்தப்படுகின்றன. 12 மில்லிமீட்டர் ஸ்டட் ஒன்றின் நட்டை, உலர்ந்த மரையில் 110 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையில் இறுக்கினால், ஏறத்தாழ 45,000 நியூட்டன் அழுத்தம் கிடைக்கும். ஒரு ஸ்டட் நாலரை டன் எடைக்கு நிகராக இறுக்கிப் பிடிக்கிறது என்று பொருள். நான்கு ஸ்டட் உள்ள சக்கரத்தில் ஒன்று போனால் அந்தப் பிடியில் கால் பங்கு போய்விடுகிறது. சக்கரம் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஹப்பின் மீது நழுவத் தொடங்கும். அப்போது பக்கத்திலுள்ள ஸ்டட்டுகள் ஒவ்வொரு சுற்றிலும் முன்னும் பின்னும் வளைந்து, நாளடைவில் களைத்து முறியும். வழியில் உடைந்தால் அருகிலுள்ள பட்டறை வரை மெதுவாக ஓட்டிச் செல்லலாம். அப்படியே நாள்கணக்கில் ஓட்டக் கூடாது. ஒரே சக்கரத்தில் இரண்டு ஸ்டட் இல்லையென்றால் வண்டியை நகர்த்தவே வேண்டாம்.

முறிந்த முகம் சொல்வது

உடைந்த துண்டைத் தூக்கி எறிவதற்கு முன் அதன் முறிவை வெளிச்சத்தில் பாருங்கள். முறிந்த முகம் முழுவதும் புதிதாக, சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருந்து, அதன் அருகே தண்டு இடுப்பைப் போலக் குறுகியிருந்தால், அளவுக்கு மீறிய இறுக்கத்தால் அது இழுபட்டு முறிந்திருக்கிறது. பெரும்பாலும் காற்று விசையில் இயங்கும் இம்பாக்ட் ரெஞ்சை நிறுத்தாமல் ஓட்டியதன் விளைவு அது. முகத்தின் ஒரு பகுதி வழவழப்பாக, ஈர மணலில் அலை விட்டுச்சென்ற கோடுகளைப் போன்ற வளைவுகளோடும் துருவோடும் இருந்தால், விரிசல் நெடுநாளாக வளர்ந்துவந்திருக்கிறது. அந்தச் சக்கரம் எப்போதோ தளர்ந்து ஓடியிருக்க வேண்டும். இந்த இரண்டாவது வகை முறிவைக் கண்டால் ஒன்றை மட்டும் மாற்றி நிறுத்தாமல் அந்தச் சக்கரத்தின் எல்லா ஸ்டட்டுகளையும் மாற்றிவிடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. மற்றவையும் அதே தொல்லையை அனுபவித்தவைதானே.

மரை தேய்ந்து நட் பிடிக்காமல் போனாலும் இதே வேலைதான். நட் கழலாமல் ஸ்டட்டும் சேர்ந்தே சுற்றினால், பற்கள் துளையில் பிடியிழந்துவிட்டன என்று அறியலாம். அப்போது சக்கரத்தைக் கழற்றவே நட்டைப் பிளக்கும் கருவியால் உடைக்கவோ அறுக்கவோ வேண்டியிருக்கும். சக்கரத்தின் துளைக்குள் நட் ஆழமாக உட்கார்ந்திருந்தால் அதைப் பட்டறையில் செய்துகொள்வது நல்லது.

சரியான ஸ்டட்டைத் தேர்ந்தெடுத்தல்

பெரும்பாலான கார்களில் ஸ்டட்டின் மரை 12 மில்லிமீட்டர் குறுக்களவும், மரைகளுக்கு இடையே 1.25 அல்லது 1.5 மில்லிமீட்டர் இடைவெளியும் கொண்டது. பெரிய வண்டிகளில் 14 மில்லிமீட்டரும் 1.5 இடைவெளியும் பரவலாக உண்டு. 1.25க்கும் 1.5க்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். தவறான நட்டும் முதல் இரண்டு சுற்று ஏறிவிடும், அதற்குப் பிறகுதான் மரையைக் கடித்துக் கெடுக்கும். மரை பொருந்துவது மட்டும் போதாது. பற்களின் குறுக்களவு, பற்கள் உள்ள பகுதியின் நீளம், தலைக்குக் கீழிருந்து முனை வரையுள்ள மொத்த நீளம் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். பற்களின் குறுக்களவு கால் மில்லிமீட்டர் குறைந்தால்கூட ஸ்டட் துளையில் சுற்றும். கூடினால் ஏறவே ஏறாது, வற்புறுத்தி ஏற்றினால் ஹப் விரியும். ஆகவே வண்டியின் மாடல், ஆண்டு, முன்சக்கரமா பின்சக்கரமா என்பதைச் சொல்லி, அந்த வண்டிக்குரிய பாக எண்ணைக் கொண்டே வாங்குங்கள். ஸ்டட்டுகள் பொதுவாக 10.9 என்று குறிக்கப்படும் உயர் வலிமைத் தரத்தில் செய்யப்படுபவை. அளவு ஒத்துவருகிறது என்று சாதாரண போல்ட்டைச் செருகிப் பற்றவைப்பதை எந்த நிலையிலும் ஏற்க முடியாது. பற்றவைக்கும் சூடு ஸ்டட்டின் வலிமையையும் ஹப்பின் வலிமையையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

கூடவே புதிய வீல் நட் ஒன்றும் வாங்க வேண்டும். உடைந்த ஸ்டட்டில் இருந்த நட்டின் மரையும் இழுபட்டிருக்கும். சக்கரத்தில் உட்காரும் நட்டின் முகம் கூம்பா, உருண்டையா, வாஷரோடு கூடிய தட்டையா என்பதைப் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூம்பு முகம் வேண்டிய இடத்தில் உருண்டை முகம் உள்ள நட்டைப் போட்டால் அது விளிம்பில் மட்டுமே தொடும், ஓட்டத்தில் தளரும். இவற்றுக்கு மேல், ஸ்டட்டை இழுத்து ஏற்றுவதற்காக மட்டும், அதே மரையில் இருபுறமும் திறந்த நட் ஒன்றும், ஸ்டட் நுழையும் அளவில் கெட்டியான எஃகு வாஷர்கள் ஐந்தாறும் தேவை. இழுக்கப் பயன்படுத்திய நட்டை வேலை முடிந்ததும் குப்பையில் போட்டுவிட வேண்டும். அதைச் சக்கரத்தில் மாட்டக் கூடாது.

கருவிகளில் ஜாக்கும், அதைவிட முக்கியமாக ஜாக் ஸ்டாண்டும், சக்கரத்துக்கு முட்டுக் கட்டைகளும், சாக்கெட் செட்டும், நீளமான கைப்பிடியும், முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சும், கம்பித் தூரிகையும், பிரேக் கிளீனரும், காலிப்பரை (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் பாகம்) தொங்கவிடக் கெட்டியான கம்பியும் வேண்டும். பழைய ஸ்டட்டை வெளியேற்ற, ‘சி’ வடிவத்தில் திருகோடு வரும் பால் ஜாயின்ட் பிரஸ் அல்லது ஸ்டட் கழற்றுவதற்கென்றே உள்ள கருவி கையில் இருந்தால் மிகவும் நல்லது.

கழற்றுதல்

வண்டியைச் சமதளமான, கெட்டியான தரையில் நிறுத்தி, தூக்கப்போகும் சக்கரத்துக்குக் குறுக்கெதிரே உள்ள சக்கரத்தின் இருபுறமும் கட்டை கொடுங்கள். முன்சக்கர வேலை என்றால் ஹேண்ட் பிரேக்கைப் போடலாம். பின்சக்கரம் என்றால் டிரம்மோ டிஸ்க்கோ கழல ஹேண்ட் பிரேக்கை விடுவித்தாக வேண்டும், ஆகவே முன்சக்கரங்கள் இரண்டுக்கும் கட்டைகளை இறுக்கமாக வையுங்கள். மின்சாரப் பார்க்கிங் பிரேக் உள்ள வண்டியில், பின்சக்கர காலிப்பரைத் தொடும் முன் கையேட்டில் சொன்னபடி அதைப் பழுதுபார்க்கும் நிலைக்கு மாற்ற வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே மீதமுள்ள நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, பிறகு தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி, வண்டியைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஜாக்கை மட்டும் நம்பிச் செய்யும் வேலை இது அல்ல. பின்னால் வலுவாக இழுக்கப்போகிறோம். கழற்றிய சக்கரத்தை வண்டியின் அடியில் படுக்கவைத்துவிட்டால் கூடுதல் பாதுகாப்பு.

காலிப்பரை அதன் பிராக்கெட்டோடு சேர்த்து, பின்புறத்திலுள்ள இரண்டு பெரிய போல்ட்டுகளைக் கழற்றி எடுத்துவிடுங்கள். அப்படிச் செய்தால் பிரேக் பேட்களைப் பிரிக்க வேண்டியதில்லை. காலிப்பரைக் கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் தொங்கவிட வேண்டும். பிரேக் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸின் உட்பகுதி கிழியக்கூடும், வெளியே எதுவும் தெரியாது. டிஸ்க்கைப் பிடித்திருக்கும் சிறிய ஸ்குரூ இருந்தால் கழற்றுங்கள். டிஸ்க் துருவில் ஒட்டிக்கொண்டிருந்தால், அதன் முகத்திலுள்ள மரைத் துளைகளில் (பல வண்டிகளில் அவை 8 மில்லிமீட்டர்) போல்ட் இரண்டை மாறி மாறி இறுக்கினால் தானாக வெளியே வரும். டிரம் வகையிலும் இதே வழிதான். ஆனால் டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றால் ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைப்பதே சரி. ஏபிஎஸ் சென்சாரின் ஒயர் எங்கே ஓடுகிறது என்பதையும் இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஹப்பை மெதுவாகச் சுற்றி, உடைந்த ஸ்டட்டின் தலைக்குப் பின்னால் எங்கே அதிக இடம் இருக்கிறது என்று தேட வேண்டும். பின்னாலுள்ள வார்ப்பில் பல நேரங்களில் ஒரு பள்ளமோ, தகட்டுக் கவசத்தில் ஒரு வெட்டோ இருக்கும். பழைய துண்டு வெளியே வந்தால் போதாது, புதிய ஸ்டட் முழு நீளத்தில் பின்புறமிருந்து நுழைய வேண்டும். உடைந்தது குட்டையாக இருப்பதால் எளிதில் வந்துவிடும், புதியது நுழையாது. வேலையின் நடுவில் பலர் திகைத்து நிற்பது இங்கேதான். எனவே கழற்றுவதற்கு முன்பே புதிய ஸ்டட்டை அந்த இடைவெளியில் வைத்து அளந்து பாருங்கள். எந்தக் கோணத்திலும் இடமில்லை என்றால் ஹப்பையே கழற்ற வேண்டும். பேரிங்கோடு இறுகிய ஹப் என்றால் அது பிரஸ் உள்ள பட்டறையின் வேலை. சிலர் ஸ்டட் தலையின் ஓரத்தைச் சாணை பிடித்து நுழைப்பார்கள். எல்லா இழுப்பையும் தாங்குவது அந்தத் தலைதான் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

துருவைக் கரைக்கும் எண்ணெயைத் துளையின் இருபுறமும் தெளித்துக் கால் மணி நேரம் விடுங்கள். பிறகு பிரஸ்ஸின் திருகு முனையை ஸ்டட்டின் உடைந்த முகத்தில் வைத்து, மறுமுனை ஹப்பின் பின்புறத்தில் தலையைச் சுற்றி ஊன்றுமாறு அமைத்து, சீராகத் திருகுங்கள். ‘படக்’கென்று விட்டதும் ஸ்டட் பின்னோக்கி நழுவும். கருவி இல்லாதவர்கள் சுத்தியலால் அடிப்பது வழக்கம். ஒவ்வோர் அடியும் ஹப்பின் வழியாக பேரிங்கின் உருளைகளுக்குப் போய், அவை ஓடும் பாதையில் நுண்ணிய பள்ளங்களைப் பதிக்கக்கூடும். சில வாரங்கள் கழித்து வேகத்தோடு கூடும் ஒரு முனகல் கேட்கத் தொடங்கும்போது, அது இந்த அடியின் விளைவு என்று யாருக்கும் தோன்றாது. வேறு வழியே இல்லையென்றால் கனமான சுத்தியலால் நேராக ஓரிரண்டு அடியோடு நிறுத்துங்கள்; வரவில்லை என்றால் கருவியைத் தேடுங்கள்.

புதிய ஸ்டட்டை ஏற்றுதல்

துளையைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, பிரேக் கிளீனர் தெளித்து, விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். பழைய பற்கள் விட்டுச்சென்ற வரிகள் தெளிவாகத் தெரிய வேண்டும். அவை மழுங்கியிருந்தாலோ, துளை நீள்வட்டமாகியிருந்தாலோ, ஹப்பைத்தான் மாற்ற வேண்டும். ஹப்பின் பின்முகத்தில் தலை உட்காரும் வட்டத்தில் துருப் பொருக்கு ஒன்று இருந்தாலும் அதைச் சுரண்டி எடுங்கள்; அங்கே கிடக்கும் ஒரு மணல் துகள்கூடத் தலையைத் தூக்கி நிறுத்தும்.

புதிய ஸ்டட்டைப் பின்புறமிருந்து நுழைத்து, பற்கள் பழைய வரிகளில் விழுகின்றனவா என்று விரலால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். வரியில் விழும்போது ஒரு சிறு தடங்கல் விரலில் தெரியும். முன்புறத்தில் வாஷர்களை அடுக்கி, வாஷர்களுக்கு இடையில் மட்டும் கொஞ்சம் கிரீஸ் தடவி, திறந்த நட்டின் தட்டையான முகம் வாஷரில் படுமாறு கையால் ஏற்றுங்கள். கூம்பு முகம் வாஷரில் பட்டால் அது வாஷருக்குள் ஆப்பைப் போல இறங்கிச் சிக்கிக்கொள்ளும். ஹப் சுற்றாமல் இருக்க, மற்ற இரண்டு ஸ்டட்டுகளில் நட்டை ஏற்றி, அவற்றுக்கு இடையே ஒரு நீண்ட கம்பியைச் செருகித் தரையில் ஊன்றுங்கள்.

இப்போது கை ஸ்பேனரால் இறுக்குங்கள். இம்பாக்ட் ரெஞ்ச் வேண்டாம். பற்கள் துளைக்குள் இழுபடும்போது சீரான, கனமான எதிர்ப்பு இருக்கும். சில வேளை மெல்லிய கிறீச்சொலியும் வரும். நட் மரையின் அடிவரை போய்விட்டால் நிறுத்தி, இன்னும் ஒரு வாஷர் சேர்த்துத் தொடருங்கள். தலை ஹப்பைத் தொட்டதும் எதிர்ப்பு திடீரென்று ஏறும், ஸ்பேனர் சுவரில் முட்டியதைப் போல நின்றுவிடும். அதோடு நிறுத்த வேண்டும். இன்னும் கால் சுற்று என்று ஆசைப்பட்டால் புதிய ஸ்டட்டும் இழுபட்டுப்போகும்.

கை உணர்வை மட்டும் நம்பாமல் கண்ணாலும் பாருங்கள். சிறிய கண்ணாடியையும் விளக்கையும் பின்னால் பிடித்து, தலையின் விளிம்பைச் சுற்றி மெல்லிய தாளை நுழைக்க முயலுங்கள். எங்கேயும் நுழையக் கூடாது. முன்புறத்தில், பக்கத்து ஸ்டட்டும் புதியதும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று ஓர் அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். நான் முதன்முதலில் இந்த வேலையைச் செய்தபோது இந்தச் சோதனையைத் தவிர்த்தேன். டார்க் ரெஞ்ச் ‘கிளிக்’ என்றதும் முடிந்துவிட்டது என்று நம்பினேன். இரண்டு நாள் ஓட்டிய பிறகு அதே ரெஞ்சை வைத்தபோது அந்த ஒரு நட் மட்டும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுற்று திரும்பியது. தலைக்குக் கீழே இருந்த அரை மில்லிமீட்டர் இடைவெளி ஓட்டத்தில் மூடிக்கொண்டதால், இழுவிசை முழுவதும் காணாமல் போயிருந்தது. ரெஞ்ச் பொய் சொல்லவில்லை. பற்கள் தந்த எதிர்ப்பை அது சக்கரத்தின் இறுக்கமாகக் காட்டியிருந்தது.

மாட்டுதலும் இறுக்குதலும்

ஹப்பின் முகம், டிஸ்க்கின் இரு முகங்கள், சக்கரத்தின் உள்முகம் ஆகியவற்றைத் துரு இல்லாமல் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். காலிப்பர் பிராக்கெட்டின் போல்ட்டுகளைக் கையேடு சொல்லும் முறுக்கு விசையில் இறுக்குங்கள். டிஸ்க்கில் எண்ணெய்க் கை பட்டிருந்தால் கிளீனரால் துடையுங்கள்.

மரைக்கு எண்ணெயோ கிரீஸோ வேண்டுமா என்று எப்போதும் கேட்கப்படுகிறது. கையேடு வெளிப்படையாகச் சொன்னாலொழிய வேண்டாம். எண்ணெய் உராய்வைக் குறைப்பதால் அதே 110 நியூட்டன் மீட்டரில் அழுத்தம் 45,000க்குப் பதிலாக 60,000 நியூட்டன் வரை போகலாம். 10.9 தரத்தில் 12 மில்லிமீட்டர் ஸ்டட் நிலையாக நீளாமல் தாங்கும் எல்லை ஏறத்தாழ 73,000தான். எண்ணெயோடு பலமான கையும் சேர்ந்தால் அந்த எல்லை வெகு அருகில் வந்துவிடும்.

எல்லா நட்டுகளையும் முதலில் விரலாலேயே ஏற்றுங்கள். மூன்று நான்கு சுற்றுக்கு விரலால் போகாத நட் மரை மாறி ஏறுகிறது, திரும்ப எடுத்து ஏற்றுங்கள். எதிரெதிராக, ஐந்து நட் என்றால் நட்சத்திரம் வரையும் வரிசையில், மெதுவாக இறுக்கிச் சக்கரத்தை ஹப்பில் நேராக உட்காரவைத்து, வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சால் இரண்டு கட்டமாக முழு அளவுக்கு இறுக்குங்கள். சிறிய, நடுத்தரக் கார்களுக்குப் பொதுவாக 85 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணையே பின்பற்றுங்கள்.

வண்டியை எடுப்பதற்கு முன் பிரேக் பெடலைப் பலமுறை மிதித்து, அது கெட்டியாக நிற்கிறதா என்று பாருங்கள். காலிப்பரைக் கழற்றி மாட்டியபோது பேட்கள் விலகியிருந்தால் முதல் மிதி வெறுமையாகப் போகும், அது வண்டி நகர்ந்த பிறகு தெரியக் கூடாது. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டியதும், சக்கரம் குளிர்ந்த நிலையில், எல்லா நட்டுகளிலும் டார்க் ரெஞ்சை மீண்டும் வையுங்கள். நட் அசையாமல் ரெஞ்ச் உடனே ‘கிளிக்’ என்றால் தலை உட்கார்ந்துவிட்டது. புதிய ஸ்டட்டின் நட் மட்டும் திரும்பினால், சரியான அளவுக்கு இறுக்கி, இன்னொரு 50 கிலோமீட்டருக்குப் பிறகு திரும்பப் பாருங்கள். அப்போதும் திரும்பினால் சக்கரத்தைக் கழற்றி, கண்ணாடியோடு ஹப்பின் பின்புறத்தைப் பாருங்கள்.